இன்லைன் அசெம்பிளி: வோலடைல் இருந்தும் ஒரே பக்கம் இரண்டு முறை ஒதுக்கப்படுகிறது

கேள்வி:
எங்கள் கல்லூரியில் மூத்த மாணவர்கள் விட்டுச்சென்ற 64 பிட் எக்ஸ்86 கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) சீர்செய்துகொண்டிருக்கிறேன். எந்த மெமரிப் பக்கம் காலி என்று பக்கத்துக்கு ஒரு பிட் வீதம் காட்டும் பிட்மேப்பை சி மொழியிலேயே ஒரு லூப் தேடுகிறது. கிடைத்த பிட்டை, இன்லைன் அசெம்பிளியாக (சி கோடுக்குள் நேரடியாக எழுதும் பிராசஸர் கட்டளை) இருக்கும் ‘பிடிஎஸ்’ கட்டளை 1 ஆக்குகிறது. அதன் ஆபரண்டாக பிட்மேப்பின் தொடக்கம் ‘+எம்’ (கட்டளை படித்து எழுதும் மெமரி) என்று இருக்கிறது. கட்டளை வேறு எதையெல்லாம் மாற்றும் என்று கம்பைலருக்குச் சொல்லும் கிளாபர் பட்டியலில் ‘சிசி’ (ஃப்ளாகுகள்) மட்டும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒழுங்காக ஓடுகிறது. ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலை கொடுத்தால் ஒரே பக்கம் இரண்டு முறை ஒதுக்கப்படுகிறது. அந்த அசெம்பிளி வரியில் வோலடைல் போட்டிருக்கிறார்களே, போதாதா?

பதில் 1:
போதாது. வோலடைல் என்றால் ‘இந்த வரியைத் தூக்கிவிடாதே’ என்று பொருள். ‘மெமரி மாறிவிட்டது’ என்று அது சொல்லாது.

உங்கள் ‘+எம்’ பேசுவது முதல் 8 பைட்டைப் பற்றி மட்டும். பிட் எண் ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) இருந்தால் பிடிஎஸ் அந்த 8 பைட்டோடு நிற்காது. 200ஆவது பிட் என்றால் 24 பைட் தள்ளிப் போய் எழுதும். கம்பைலருக்கு அது தெரியாது. தான் ரெஜிஸ்டரில் வைத்திருக்கும் பழைய மதிப்பையே நம்பும். ஒன்று, மெமரி மாறியிருக்கலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் ‘மெமரி’ கிளாபர் சேருங்கள். அல்லது எந்த 8 பைட் என்பதை சி மொழியிலேயே கணக்கிட்டு, அதை மட்டும் ‘+எம்’ ஆகக் கொடுங்கள். பிட் எண் 63ஐத் தாண்டக் கூடாது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ரெஜிஸ்டர் எண்ணோடு மெமரியைத் தொடும் பிடிஎஸ் மெதுவானது. பல பிராசஸர் ஓடும் கர்னல் என்றால் ‘லாக்’ முன்னொட்டும் (மற்ற பிராசஸர் குறுக்கிடாமல் தடுப்பது) மெமரி கிளாபரும் இரண்டுமே வேண்டும்.

அப்படியே பிடிஎஸ் ஓடியதும் கேரி ஃப்ளாகில் (பிராசஸரின் ஒரு பிட் நிலைக் குறி) வரும் அந்தப் பிட்டின் பழைய மதிப்பையும் பாருங்கள். அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்கு எரிச்சல் தருகிறது. ஜிசிசி கம்பைலரில் 6ஆம் பதிப்பு முதல் ஃப்ளாகையே நேரடி அவுட்புட்டாக வாங்கலாம். ஃப்ளாகை ரெஜிஸ்டருக்கு எடுக்கும் ‘செட்சி’ வரி தேவையில்லை. எக்ஸ்86இல் ‘சிசி’ எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான், தாராளமாக நீக்குங்கள்.

பதில் 2:
ஒரு எச்சரிக்கை. சுத்தம் செய்கிறேன் என்று எல்லா வோலடைலையும் ஒரே கமிட்டில் அழித்துவிடாதீர்கள். பிராசஸரின் நேரக் கணக்கைப் படிக்கும் ‘ஆர்டிடிஎஸ்சி’யில் அது இல்லையென்றால், இன்புட் இல்லாத அந்த வரியை இரண்டு முறை எழுதினாலும் கம்பைலர் ஒன்றாக்கிவிடும், நேர வித்தியாசம் பார்க்கக் கழித்தால் பூஜ்ஜியம். இன்டரப்டை நிறுத்தும் ‘சிஎல்ஐ’யில் கதை தலைகீழ்: அவுட்புட் இல்லாததால் வோலடைல் தானாகவே உண்டு, ஆனால் மெமரி கிளாபர் கட்டாயம்.

ஃபங்ஷனுக்கு ஒரு கமிட் என்று வையுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆப்ஜ்டம்ப் (கம்பைல் ஆன கட்டளைகளைப் பட்டியலிடும் கருவி) எடுத்து ஒப்பிடுங்கள். அழகுக்காகச் செய்த மாற்றத்தில் கட்டளை ஒன்று கூட மாறக் கூடாது.

கேட்டவர்:
மெமரி கிளாபர் சேர்த்தவுடன் ஓ2விலும் சரியாக ஓடுகிறது. கணக்கை சி பக்கம் மாற்றுவது அடுத்த கமிட். சாதனங்களோடு பேசும் போர்ட் ஃபங்ஷன்களில் ‘என்டி’ என்று ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் (ஆபரண்ட் எங்கே இருக்கலாம் என்ற குறிப்பு) இருக்கிறதே, அதை வெறும் ‘டி’ ஆக்கிவிடலாமா?

பதில் 1:
விட்டுவிடுங்கள். ‘என்’ என்பது 0 முதல் 255 வரையிலான மாறிலி. போர்ட் எண் அதற்குள் இருந்தால் கட்டளைக்குள்ளேயே அடங்கிவிடும். 1016இல் இருக்கும் சீரியல் போர்ட் அடங்காது, அதற்குத்தான் ‘டி’ குறிக்கும் டிஎக்ஸ் ரெஜிஸ்டர்.