பிஎன்ஐபாம் போட்டா செல் பாதி செத்துடுது, பாலிமரே விஷமா?

ஜெல்_பைத்தியம்:
லேப்ல நாங்களே செஞ்ச பிஎன்ஐபாம் (சூடானா திரண்டு ஆறினா கரையுற பாலிமர்). 32 டிகிரி தாண்டினா பால் மாதிரி கலங்குது, ஆறினா திரும்ப கரைஞ்சிடுது, அதெல்லாம் கரெக்டா நடக்குது. ஆனா ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு (இணைப்புத் திசு செல்) குடுத்தா 48 மணி நேரத்துல எம்டிடி (உயிரோட இருக்குற செல்ல நிறத்தால அளக்குற டெஸ்ட்) ரீடிங் பாதிக்கு வந்துடுது. பேப்பர்லலாம் "செல்லுக்கு பாதகமில்ல"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க, எனக்கு மட்டும் ஏன் இப்படி?

கொதிகலன்:
பாலிமர திட்டுறதுக்கு முன்னாடி உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு பாருங்க. மோனோமர் (சங்கிலியா சேராத ஒத்தை அலகு) அக்ரிலமைடு குடும்பம், அது செல்ல நல்லாவே கொல்லும், சங்கிலியா சேர்ந்தப்புறம் கதை வேற. எப்படி செஞ்சீங்க, எத்தனை நாள் டயாலிசிஸ் (சவ்வுப் பைல வச்சு சின்ன மூலக்கூறுகள தண்ணிக்கு வெளியேத்துறது)?

ஜெல்_பைத்தியம்:
ராஃப்ட் முறை (சங்கிலி நீளத்த கட்டுப்படுத்தி பாலிமர் செய்யுறது). 2 நாள் டயாலிசிஸ். பவுடர் லேசா மஞ்சள்.

கொதிகலன்:
அட, அந்த மஞ்சள்தாங்க! ராஃப்ட்ல போடுற ட்ரைதயோகார்பனேட்ங்கற கந்தகத் தொகுதி சங்கிலி நுனில ஒட்டிட்டு இருக்கு, டயாலிசிஸ் எத்தனை நாள் போட்டாலும் அது போகாது, ரியாக்‌ஷன் பண்ணித்தான் வெட்டணும். வெட்டினது, வெட்டாதது ரெண்டையும் பக்கத்து பக்கத்துல டெஸ்ட் பண்ணா யாரு குத்தவாளின்னு தெரிஞ்சிடும். தண்ணி மட்டும் இன்னும் ரெண்டு மூணு நாள் மாத்துங்க, மோனோமருக்காக.

இரவுஷிஃப்ட்:
எம்டிடிய நான் அவ்ளோ நம்ப மாட்டேன். செல் வளர்க்குற 37 டிகிரில பாலிமர் திரண்டு நிக்குது, அந்த கலங்கல் ஒளிய சிதறடிச்சு ரீடிங்க ஏத்திவிடும், அதாவது உங்க பாதியே கூட்டிக் காட்டின கணக்கா இருக்கலாம் 😬 செல் இல்லாம பாலிமர் மட்டும் போட்ட கிணறு (டெஸ்ட் தட்டுல ஒரு குழி) வச்சீங்களா? கூடவே எல்டிஹெச்சும் (செத்த செல்லுல இருந்து கசியுற நொதிய அளக்குற டெஸ்ட்) பாருங்க. கழுவுற பஃபரும் 37லயே இருக்கட்டும், ஜில்லுன்னு ஊத்துனா செல் கழண்டு போயி செத்த கணக்குல சேர்ந்துடும்.

தட்டு_கழுவுறவன்:
அந்த "ஒரே வரி" எந்த பேப்பர்னு பாருங்க. ஜப்பான்ல ஒகானோ குரூப் டிஷ் மேல சில பத்து நானோமீட்டர் தடிமன்ல பாலிமர ஒட்டவச்சு, ட்ரிப்சின் (செல்ல கழட்டுற நொதி) இல்லாம ஆறவச்சே செல் ஷீட்ட உரிச்சாங்க, 2004ல அப்படி உரிச்ச ஷீட்ட நாலு பேஷண்ட் கண்ணுல கூட வச்சாங்க. ஆனா அங்க பாலிமர் டிஷ்லயே தங்கிடுது, செல் மட்டும்தான் போகுது. நீங்க செல் வளர்க்குற திரவத்துலயே கரைச்சு ஊத்துறீங்க. அவங்க சொன்ன பாதுகாப்பு உங்களுக்கு செல்லாதுங்க.

ஜெல்_பைத்தியம்:
செல் இல்லாத கிணறு வைக்கவே இல்ல 🤦 நாளைக்கு அத வச்சுட்டு அப்புறம் நுனிய வெட்டுறேன். அதுக்கு ஏஐபிஎன் (சூட்டுல ரேடிக்கல் தர்ற துவக்கி) அதிகமா போட்டு சூடு பண்ணா போதுமா?

கொதிகலன்:
போதும், நைட்ரஜன்ல பண்ணுங்க. மஞ்சள் போச்சான்னு கண்ண நம்பாம யூவி (புற ஊதா ஒளி) உறிஞ்சுதல்ல 310 நானோமீட்டர் பக்கம் பாருங்க. மிச்ச ஏஐபிஎன்னையும் நல்லா கழுவி எடுக்கணும், இல்லன்னா மறுபடி இங்கயே வந்து நிப்பீங்க.