புதுப்பிப்பு: பீச் இலைச் சுருட்டை, இந்த வருட நிலவரம்

போன வசந்தத்தில் என் பீச் மரங்களில் இலைகள் சிவந்து, தடித்து, கொப்புளம் கொப்புளமாகச் சுருண்டதைப் பற்றிக் கேட்டிருந்தேன். அப்போது அவசரமாக அடித்த தாமிர மருந்து வீண்தான். மொட்டு விரியும்போதே இந்தச் சுருட்டை நோயைத் தரும் பூஞ்சை உள்ளே போய்விடுகிறது. இம்முறை இலை உதிர்ந்ததும் ஒரு தடவை, மொட்டு உப்புவதற்கு முன் ஒரு தடவை அடித்தேன். தெளிப்பான் எட்டாத உச்சிக் கிளை ஒன்றில் மட்டும் பழைய கதை. கிளையில் வற்றித் தொங்கிய பழங்களையும் பறித்துப் புதைத்தேன். பழத்தை அழுக வைக்கும் பழுப்பு அழுகல் என்ற வேறொரு பூஞ்சை நோய் அவற்றிலிருந்துதான் மறுபடி கிளம்பும்.

சரி, இப்போது புதுத் தலைவலி. ஒரு மரத்தடியில், மண்ணை ஒட்டி, மரத்தூள் கலந்த பிசின். வெறும் பிசின் என்றால் காயமாகவும் இருக்கலாம். தூள் இருந்தால் தண்டுத் துளைப்பான்தான், அதாவது தண்டைக் குடையும் புழு. கம்பியை விட்டுக் குடைந்ததில் பழுப்புத் தலையுடன் வெள்ளைப் புழு ஒன்று வந்தது. உள்ளே இன்னும் எத்தனையோ!