தொங்குவிளக்கில் ஏறிய கரண்ட்

வில்லாபுரத்தில் அத்தை வீட்டு ஹாலில் ஐந்து கிளை வைத்த பித்தளைத் தொங்குவிளக்கு இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்த கையோடு, மெழுகுவர்த்தி மாதிரி கூம்பிய எல்இடி பல்புகளை மாமா வாங்கி மாட்டினார். நடைபாதையில் போட்டு விற்ற சரக்கு. பெட்டியில் கம்பெனி பெயரே இல்லை.

பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி விளக்கைத் துடைத்தபோது அத்தைக்குக் கை சுருக்கென்றது. இரும்பு ஏணியில் வெறுங்காலோடு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

வயர்மேன் அண்ணன் வந்து பல்பைப் பிரித்துக் காட்டினார். ஒயரின் ஒரு இழை பிரிந்து அலுமினியக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் உறையைக் காணோம். அந்தக் கூடு உட்கார்ந்திருப்பது பித்தளைக் கிண்ணத்தில். கிண்ணத்திலிருந்து விளக்கு முழுக்கக் கரண்ட் ஏறிவிட்டது. பல்போ பளிச்சென்று எரிந்தது, யாருக்குச் சந்தேகம் வரும்? விளக்குக்கு எர்த் ஒயரும் கிடையாது. எர்த்தும், கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இருந்திருந்தால் சுவிட்சைப் போட்டதுமே டிரிப் ஆகியிருக்கும் என்றார். இப்போது இரண்டும் போட்டாயிற்று.

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

திருமங்கலத்திலிருந்து:
நான் வயரிங் வேலைதான் பார்க்கிறேன். மேஜை விளக்கில் இன்னொரு ஆபத்து உண்டு. திருகு ஹோல்டரில் பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், அடியில் உள்ள நடுப்புள்ளிக்கு வரவேண்டும். சுற்றியுள்ள மரைக்கு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் மரைக்குப் பேஸ் வந்துவிடும். மட்டமான பல்பை முழுக்கத் திருகினாலும் மரை கொஞ்சம் வெளியே தெரியும். மாற்றும்போது விரல் அங்கேதான் படும். விளக்கின் சுவிட்சை அணைத்தாலும் பேஸ் அங்கே நிற்கலாம். அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பல்பில் கை வைக்கச் சொல்வேன். எல்இடி பல்பு வாங்கும்போது ஐஎஸ் 16102 என்ற இந்தியத் தர எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஞானஒளிவுபுரத்திலிருந்து:
கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குள் போட்ட பல்பின் வெள்ளை மூடி, சூட்டில் பசை விட்டுக் கழன்று விழுந்துவிட்டது. பல்பு அப்போதும் எரிகிறது! பக்கத்து வீட்டுப் பிள்ளை மூடியை எடுத்து மாட்டப் போனான். அப்பா ஓடிப்போய் மெயினை ஆப் செய்தார். மூடி போன பிறகு உள்ளே இருக்கும் தகட்டைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?

திருமங்கலத்திலிருந்து:
அடிக்கும். விலை குறைந்த பல்புகள் பலவற்றில் மெயின் கரண்டுக்கும் அந்தத் தகட்டில் இருக்கும் ஈயப்புள்ளிகளுக்கும் நடுவே தடுப்பே கிடையாது. மூடி கழன்ற பல்பை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள். ஸ்டாரை இரும்பு கிரில்லில் கட்டியிருந்தால் ஹோல்டர் ஒயரின் ஜாயின்ட்டையும் இன்றைக்கே பாருங்கள். மார்கழிப் பனியில் டேப் நனைந்து விட்டுப்போகும்.