நாலு 'ஃபைனல்' இருக்கிறது, எது நிஜ ஃபைனல்?

கணக்குமேசை:
எங்கள் ஆபீசில் 11 பேர், எல்லோருக்கும் ஒரே ஷேர்டு டிரைவ். கொட்டேஷன் போட ஒரு விலைப்பட்டியல், எக்செல் ஃபைல். போன வாரம் தேடினால் நாலு அகப்பட்டது: 'விலை_ஃபைனல்', 'விலை_ஃபைனல்2', 'விலை_ஃபைனல்_மேனேஜர் சொன்னது', அப்புறம் 'இதைத்தான் பயன்படுத்தவும்'. இந்தக் கடைசி ஃபைலில்தான் இருப்பதிலேயே பழைய விலை! அதை நம்பி வாடிக்கையாளருக்கு கொட்டேஷன் அனுப்பியது வேறு யாருமில்லை, நானேதான்.

திருத்திய தேதியைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். யாரோ அதைச் சும்மா திறந்து, ஒரு நெடுவரிசையை அகலப்படுத்தி, சேவ் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால் அதுதான் புதுசு போலக் காட்டியது.

புது மென்பொருள் வாங்கிவிடலாம் என்கிறார் மேனேஜர். எதை வாங்கினாலும் இந்த நாலும் மூட்டை முடிச்சோடு அங்கேயும் குடியேறிவிடும் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழைய_ரெக்கார்டுரூம்:
மேடம், நீங்கள் இரண்டு வேறு சாமான்களை ஒரே அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். தினமும் திருத்துகிற ஆவணம் ஒன்று. வெளியே போய்விட்ட, இனிமேல் யாரும் தொடக்கூடாத பதிவு இன்னொன்று. பதிவேடுகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 15489, 2001-லேயே வந்துவிட்டது, ஆனால் காகித காலத்து குமாஸ்தாவுக்கு அது இல்லாமலே தெரியும். அனுப்பிய கடிதத்தின் நகலை நூலில் கோத்துவிட்டால் அதில் யாரும் பேனா வைக்க மாட்டார்கள்.

கொட்டேஷன் போனதும் பிடிஎஃப் ஆக்கி, 'அனுப்பியவை' என்று ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதைத் திருத்தவோ அழிக்கவோ ஒருவரைத் தவிர யாருக்கும் அனுமதி வேண்டாம். பெயரில் வருடம் முதலில்: 2025-03-07. மாதமும் நாளும் இரண்டு இலக்கம். அப்போதுதான் பெயர் வரிசையே தேதி வரிசையாக நிற்கும். நாளின் எண்ணை முதலில் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஒரே இடத்தில் கூட்டம் கூடும்.

சும்மா_ஒரு_அட்மின்:
ஐயா சொன்னது அனுப்பியதற்குச் சரி. ஆனால் தினம் திருத்துகிற ஃபைலின் பெயரில் தேதி வேண்டவே வேண்டாம், 'ஃபைனல்' அதைவிட வேண்டாம். 'விலைப்பட்டியல்', அவ்வளவுதான். பழைய விலை பார்க்க வேண்டுமென்றால் ஃபைலின் முந்தைய வடிவங்களைச் சேர்த்துவைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரி எதற்கு இருக்கிறது? ஷேர்பாயிண்டில் (ஃபைல்களைப் பகிர்ந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் தளம்) வழக்கமான அமைப்பிலேயே 500 வெர்ஷன் வரை வைத்துக்கொள்ளும்.

நகல் பிறப்பது பெரும்பாலும் மெயிலில்தான். ஃபைலை அட்டாச் செய்தால் வாங்குகிறவர் ஒவ்வொருவரிடமும் ஒரு குட்டி. லிங்க் மட்டும் அனுப்புங்கள். இன்னொன்று, அது பழைய எக்ஸ்எல்எஸ் வடிவமா என்று பாருங்கள். அப்படியென்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்த முடியாது. 'ரீட் ஒன்லி' என்று வந்ததும் ஜனங்கள் 'சேவ் அஸ்' கொடுப்பார்கள். உங்கள் 'ஃபைனல்2' அப்படிப் பிறந்ததாகவே இருக்கும்.

கணக்குமேசை:
எக்ஸ்எல்எஸ்தான்! சரியான விலை உள்ளதை மாற்றி 'விலைப்பட்டியல்' ஆக்கினேன், பாக்கியை 'பழையவை'யில் தள்ளினேன். இப்போது, விலையை இந்த ஃபைல்களிலிருந்து லிங்க் வழியாக இழுக்கும் கொட்டேஷன் ஷீட்டைத் திறந்தால் லிங்க்கை அப்டேட் செய்ய முடியவில்லை என்கிறது. எண் மட்டும் வருகிறது.

சும்மா_ஒரு_அட்மின்:
அந்த எண்ணை நம்பாதீர்கள், கடைசியாக எடுத்து வைத்ததைத்தான் காட்டுகிறது. டேட்டா மெனுவில் 'எடிட் லிங்க்ஸ்' (புது எக்செலில் 'வொர்க்புக் லிங்க்ஸ்') போய், எது எங்கிருந்து இழுக்கிறது என்று பாருங்கள். அங்கேயே 'சேஞ்ச் சோர்ஸ்' கொடுத்து மாற்றலாம்.

கணக்குமேசை:
பார்த்துவிட்டேன் அண்ணா. மூன்று ஷீட் 'ஃபைனல்2'-இலிருந்து எடுத்துக்கொண்டிருந்தன. நாலாவது ஷீட் எடுத்தது என் டெஸ்க்டாப்பில் கிடந்த ஐந்தாவது நகலிலிருந்து. அதன் பெயர் 'விலை_ஃபைனல்_தொடாதே'. வைத்தது நான்தான், எப்போது என்று ஞாபகமில்லை.