கார் செட்டில் உயிரே இல்லை, சிடி உள்ளே மாட்டிக்கொண்டது – அவசரம்

குடமுருட்டி | இரவு 9.12
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் காரில் பாட்டு கேட்கும் செட் திடீரென்று நின்றுவிட்டது. உள்ளே ஒரு சிடி இருக்கிறது, வெளியே வர மறுக்கிறது. எஜெக்ட் பட்டனை அழுத்தி அழுத்தி விரல்தான் வலிக்கிறது. அந்த சிடி எங்களுக்கு மிக முக்கியம். மெல்லிய கத்தியோ இரும்பு ஸ்கேலோ விட்டு நெம்பலாமா? நாளை மறுநாள் காலையில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புகிறோம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை | இரவு 9.20
கத்தி வேண்டாம், கையை எடுங்கள். என்ன கார், எந்த வருஷம்? கம்பெனியோடு வந்த செட்டா, பிறகு வாங்கி மாட்டியதா? நின்றுவிட்டது என்றால் பாட்டு மட்டும் நின்றதா, டிஸ்ப்ளேயே இருட்டாகிவிட்டதா? இது தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டு வைத்தியம்தான்.

மன்னை மைந்தன் | இரவு 9.26
லென்ஸில் தூசு, வேறொன்றும் இல்லை. சம்பா அறுவடை நடக்கிறது. மிஷின் இறங்கிய வயல் பக்கம் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு தடவை போனால் போதும், நெல் சுணை கார் முழுக்கப் படிந்துவிடும். போன வருஷம் எனக்கும் இதே கதை. கை கழுவும் சானிடைசரைப் பஞ்சில் தொட்டு ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தேன், பாட ஆரம்பித்துவிட்டது.

ஈயப்பற்று | இரவு 9.41
மன்னை நண்பரே, இதே இடத்தில் எத்தனை முறைதான் எழுதுவது? சானிடைசரில் கிளிசரின் இருக்கும், ஜெல் இருக்கும். காய்ந்ததும் லென்ஸ் மேல் படலமாக நிற்கும். உங்களுடையது பாடியது உங்கள் அதிர்ஷ்டம். லென்ஸைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதுவும் நனைந்தும் நனையாமலும் ஒரு சொட்டு. பெட்ரோல், தின்னர் பக்கமே போகக்கூடாது, அந்த லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக். தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பிகளில் அது தொங்குகிறது. குச்சியால் ஓர் அழுத்து அழுத்தினால் அத்தோடு முடிந்தது.

இன்னொன்று. மேல் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு செட்டுக்குக் கரண்ட் கொடுத்து உள்ளே குனிந்து பார்க்கிறவர்களை நானே கண்டிருக்கிறேன். சிடி படிக்கிற லேசர் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, அதனால் இமையும் தானாக மூடாது. மூடி போட்டிருக்கும் வரைதான் அது பத்திரமான பொருள். அடிப்படை தெரியாதவர்கள் திறக்காமல் இருப்பதே நல்லது.

குடமுருட்டி | இரவு 10.05
தாமதத்துக்கு மன்னிக்கவும், சாப்பிடப் போய்விட்டேன். 2011 வண்டி, கம்பெனி செட். மாடலை வெண்ணாற்றங்கரை அண்ணனுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். டிஸ்ப்ளே இருட்டு, எந்தப் பட்டனுக்கும் அசைவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஹாரன், ஹெட்லைட் எல்லாம் சரியாக இருக்கின்றன.

சிடியில் இருப்பது என் தங்கை கல்யாணத்தில் பெரியப்பா வாசித்த நாயனம். ஸ்டுடியோக்காரர் பதிவு செய்து கொடுத்தது. பெரியப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். வேறு காப்பி கிடையாது. அப்பா தினமும் வயலுக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்.

ஈயப்பற்று | இரவு 10.14
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. ஒரு கேள்வி: ஸ்டுடியோக்காரர் அந்த சிடி மேல் பெயர் அச்சடித்த காகித லேபிள் ஒட்டியிருந்தாரா? ஒட்டியிருந்தால் கண்டிப்பாக நெம்பக்கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பசை இளகி லேபிள் ஓரம் சுருளும், அது ரோலரில் மாட்டும். இழுத்தால் லேபிளோடு சேர்ந்து பதிவு இருக்கும் பூச்சும் உரிந்து வரும். சிடியில் பதிவு இருப்பது பளபளக்கிற அடிப்பக்கத்தில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை | இரவு 10.22
டிஸ்ப்ளேயே இருட்டு என்றால் லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செட்டுக்குக் கரண்ட் வரவில்லை. சிடியை வெளியே தள்ளுவது உள்ளே இருக்கும் சின்ன மோட்டார், கரண்ட் இல்லாமல் அது எப்படித் தள்ளும்? ஆகவே சிடி பத்திரமாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

இப்போதே போய் ஒன்றைப் பாருங்கள். கதவைத் திறந்தால் ரூம் லைட் எரிகிறதா?

குடமுருட்டி | இரவு 10.31
இல்லை. ஒரு வாரமாகவே எரியவில்லை, பல்பு போய்விட்டது என்று விட்டுவிட்டோம். யோசித்துப் பார்த்தால் செட் நின்றதும் அதே நாள்தான். இது அதோடு சேர்ந்ததா?

வெண்ணாற்றங்கரை | இரவு 10.44
சேர்ந்ததுதான். செட்டுக்கு இரண்டு வழியாக 12 வோல்ட் வரும். பிறகு வாங்கி மாட்டும் வெளிச் செட்களில் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது. கடிகாரம், ஸ்டேஷன் ஞாபகம், பாட்டுக்கான முழுச் சக்தி எல்லாம் அதில்தான். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வருவது, செட்டை எழுப்ப. கறுப்பு எர்த். கம்பெனி வண்டியில் நிறம் மாறலாம், வேலை இதுதான். பல கார்களில் அந்த நிரந்தர வழியும் ரூம் லைட்டும் ஒரே ஃபியூஸில் போகும். இரண்டும் ஒன்றாகப் போனால் முதலில் அந்த ஃபியூஸைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி இருக்கும், மூடியின் உட்புறம் படம் போட்டிருக்கும். சாவியை எடுத்துவிட்டு ரூம் அல்லது ஆடியோ என்று குறித்திருப்பதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கம்பி அறுந்திருந்தால் அதே அளவில் புதியது. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம். செட்டின் முதுகிலும் தனியாக ஒன்று இருக்கலாம், அதை அப்புறம் பார்ப்போம்.

டெல்டா ரைடர் | இரவு 11.02
ஃபியூஸ்தானா? இந்த நேரத்தில் கடை ஏது. சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுங்கள். இல்லை, பச்சை 30 ஆம்பியர் கையில் இருந்தால் அதைப் போடுங்கள், மறுபடி போகாது. டிராக்டரில் நான் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஈயப்பற்று | இரவு 11.06
இதைப் படிக்கிற யாரும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸ் செட்டைக் காப்பாற்ற மட்டும் வைத்ததல்ல, ஒயரைக் காப்பாற்ற வைத்தது. 15-க்கு உரிய ஒயரில் 30 போட்டால் ஃபியூஸ் நிற்கும், ஒயர் சிவக்கும். ஒயர் ஓடுவது டேஷ்போர்டுக்குப் பின்னால், பஞ்சும் பிளாஸ்டிக்கும் இருக்கிற இடத்தில். நம் ஊரில் காரை எங்கே நிறுத்துகிறோம்? வைக்கோல் போருக்குப் பக்கத்தில்.

டெல்டா ரைடர் | இரவு 11.15
சரி, வெள்ளித்தாளை விடுங்கள். என் கேள்வி வேறு. இந்தக் காலத்தில் சிடிக்கும் ரேடியோவுக்கும் ஏன் இவ்வளவு பாடு? சிடியை எடுத்த கையோடு ஆண்ட்ராய்டு செட் ஒன்றைப் போட்டுவிடுங்கள், போனிலேயே எல்லாம் வந்துவிடும்.

ஆடுதுறைவாசி | இரவு 11.29
ரேடியோவுக்கு ஏன் பாடு என்று டெல்டாவில் இருந்துகொண்டு கேட்கலாமா? மீடியம் வேவில் திருச்சி வானொலி 936 கேட்டு நாற்று விட்ட ஊர் இது. 1960-களில் எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஆடுதுறை 27, குறுவைக்கான 105 நாள் ரகம். திருச்சி வானொலி சொல்லிச் சொல்லித்தான் அது பரவியது. அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் விழுந்தது. என் தாத்தா கடைசிவரை அதை வேறு பெயரால் சொன்னதில்லை.

கீழத்தெரு | இரவு 11.40
பெயர் உண்மை, ஆனால் ரேடியோ மட்டும் பரப்பவில்லை. விதை, உரம், கடன் எல்லாம் சேர்த்துத் தரும் அரசின் பாக்கேஜ் திட்டம் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் நடந்துகொண்டிருந்தது. கிராம சேவக்குகள் என்ற அரசு ஊழியர்கள் வரப்பு வரப்பாக நடந்தார்கள், விதையும் உரக்கடனும் சொசைட்டியில் கிடைத்தன. என் அப்பா அந்த வேலையில் இருந்தவர். அவர்கள் காலில் சேறு பட்ட கதையை ரேடியோ கணக்கில் எழுதக்கூடாது.

ஆடுதுறைவாசி | இரவு 11.52
அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சேவக் வாரத்துக்கு ஒரு நாள் வருவார், ரேடியோ தினமும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வந்தது.

மன்னை மைந்தன் | இரவு 11.58
இப்போது 936 காரில் எங்கே கேட்கிறது? ஒரே இரைச்சல். நான் காரைக்கால் எஃப்எம் 100.3-தான் வைப்பேன்.

வெண்ணாற்றங்கரை | காலை 6.10
இரைச்சலுக்குப் பெரும்பாலும் ஸ்டேஷன் காரணமில்லை. லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் மலிவு போன் சார்ஜரும், பிறகு போட்ட எல்இடி ஹெட்லைட்டும் மீடியம் வேவை நாசம் செய்யும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வைத்துப் பாருங்கள். வேதாரண்யம் பக்கம் என்றால் ஆன்டெனாவின் அடியில் உப்புக்காற்றுக்குப் பச்சை பூத்திருக்கும், அதைச் சுரண்டுங்கள். நெல் பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன். இங்கே ஒருவர் காத்திருக்கிறார். குடமுருட்டி, என்ன ஆயிற்று?

குடமுருட்டி | காலை 9.48
ஃபியூஸ் போயிருந்தது, 15 நீலம். கடையில் மூன்று வாங்கி வந்தேன். போட்ட உடனே ஒரு பொறி, போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது. ஒன்றுதான் மீதி. செட் உள்ளே எரிந்துவிட்டதா?

ஈயப்பற்று | காலை 9.55
மூன்றாவதைப் போடாதே தம்பி. ஃபியூஸ் போனதற்குக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஃபியூஸ் மாற்றுவது வேலை இல்லை. பெரும்பாலும் செட்டில் ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் சிப், அந்த அவுட்புட் ஐசி ஷார்ட் ஆகியிருக்கும். பின் கதவு ஸ்பீக்கர் ஒயர் காரின் இரும்பு பாடியில் உரசினாலும் ஐசி போகும். ஸ்பீக்கரின் மைனஸும் இந்தச் செட்களில் எர்த் கிடையாது, பாடியில் படவே கூடாது.

வெண்ணாற்றங்கரை | காலை 10.08
ஐசியாகவும் இருக்கலாம், ஒயராகவும் இருக்கலாம். ஊகிக்க வேண்டாம், பிரித்துப் பார்த்துவிடலாம். இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு ஒயரோடு எடுத்து, ஃபியூஸ் இருந்த இரண்டு காலிலும் ஃபியூஸுக்குப் பதிலாகக் கொடுங்கள். பல்பு இருப்பதால் 2 ஆம்பியருக்குக் கீழேதான் ஓடும், ஒன்றும் எரியாது. கதவுகளைச் சாத்தி ரூம் லைட்டை ஆஃப் செய்துகொள்ளுங்கள். பல்பு முழுப் பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. அப்புறம் செட்டைக் கழற்றி அதன் பிளக்கை உருவிவிட்டு, பேட்டரியைத் திரும்ப மாட்டி மறுபடி அதே சோதனை. பல்பு அணைந்தால் கோளாறு செட்டில். அப்போதும் எரிந்தால் கார் ஒயரிங்கில்.

கழற்றும் முன்பு பேட்டரியின் மைனஸ் முனையை எடுத்துவிடுங்கள். 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். மைனஸ்தான் முதலில். பிளஸில் ஸ்பேனர் இருக்கும்போது அது பாடியில் பட்டால் பற்றவைத்த மாதிரி பொறி பறக்கும். உங்கள் வண்டியில் ஏர்பேக் இருக்கிறது. மைனஸ் எடுத்த பிறகும் அதற்குள் கொஞ்ச நேரம் சக்தி தேங்கியிருக்கும், வண்டிக் கையேட்டில் எத்தனை நிமிஷம் என்று இருக்கும். நான் 10 நிமிஷம் விடுவேன். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் பிளக், மஞ்சள் உறை போட்ட ஒயர் தெரிந்தால் ஏர்பேக்குடையது, மீட்டர் முனையால்கூடத் தொடாதீர்கள்.

சுற்றுப்பட்டியை இரும்பால் நெம்பாமல் பழைய ஏடிஎம் கார்டு விட்டு நெம்புங்கள், கிளிப் உடையாது. செட்டைச் சட்டென்று இழுக்க வேண்டாம், பின்னால் ஆன்டெனா ஒயர் நீளம் குறைவு. கரண்ட் திரும்பி வந்ததும் செட் ரகசிய எண் கேட்கலாம். வண்டிப் புத்தகப் பையில் அந்தச் சின்ன அட்டை இருக்கிறதா என்று இப்போதே தேடி வையுங்கள். பல முறை தப்பாகப் போட்டால் செட் பூட்டிக்கொள்ளும்.

ஆடுதுறைவாசி | காலை 10.30
கார் இரவில் எங்கே நிற்கிறது? நெல் மூட்டை பக்கத்திலா? அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம்தான் ஒதுங்கும்.

ஈயப்பற்று | காலை 10.37
எல்லாவற்றுக்கும் எலியைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சோதனை முடியட்டும்.

குடமுருட்டி | மாலை 5.20
பிளக்கை உருவிய பிறகும் பல்பு எரிகிறது.

வெண்ணாற்றங்கரை | மாலை 5.26
நல்லது, அப்படியென்றால் செட்டைத் திறக்கவே வேண்டாம். பல்பை அப்படியே எரியவிட்டு, ஃபியூஸ் பெட்டியிலிருந்து செட் வரை ஒயர்க் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பல்பு மினுங்குகிறதோ அங்கேதான் கோளாறு. சரிசெய்யும் முன் பேட்டரி மைனஸை மறுபடி எடுத்துவிட்டு ஏர்பேக்குக்காக அதே 10 நிமிஷம் காத்திருங்கள். ஒயரை முறுக்கி டேப் மட்டும் சுற்றிவிடாதீர்கள், நம் சித்திரை வெயிலுக்கு அந்தப் பசை உருகி வழியும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். கைப்பழக்கம் இல்லையென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இடத்தைக் காட்டிவிட்டால் அரை மணி நேர வேலை.

குடமுருட்டி | இரவு 8.55
எலிதான். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு அங்குலம் தோல் உரிந்து, ஒயர் இரும்புச் சட்டத்தில் பட்டிருந்தது. பக்கத்தில் வைக்கோல் துணுக்கும் கிடந்தது. எலக்ட்ரீஷியன் வந்து ஈயம் வைத்துக் கொடுத்தார். மூன்றாவது ஃபியூஸ் நிற்கிறது. ரகசிய எண் கேட்டது, அட்டை இருந்தது. சிடி வெளியே வந்துவிட்டது. லேபிள் ஒரு ஓரம் தூக்கியிருக்கிறது, ஈயப்பற்று ஐயா சொன்ன மாதிரியே. அப்பா கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விடியற்காலை கிளம்புகிறோம். எல்லோருக்கும் நன்றி.

ஈயப்பற்று | இரவு 9.03
ஆடுதுறை நண்பர் சொன்னது சரி, என் ஐசி ஊகம் தவறு. தம்பி, அந்த சிடியை மறுபடி எந்த கார் செட்டிலும் போடாதே. தூக்கிய லேபிளை ஒட்டவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். கம்ப்யூட்டரில் தட்டை வெளியே நீட்டும் டிரைவாகப் பார்த்துப் போட்டு, வேகத்தைக் குறைத்து ஒரே தடவையில் காப்பி எடு. கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட்டால் நல்லது. எடுத்தாயிற்றா?

வெண்ணாற்றங்கரை | மறுநாள் காலை 7.15
குடமுருட்டி, காப்பி எடுத்தீர்களா? ஊரிலிருந்து திரும்பியதும் பானெட்டைத் திறந்து எஞ்சின் பக்க ஒயர்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஓரிடத்தில் கடித்த எலி அதோடு நிற்காது.