மீடியம் வேவ் ரேடியோவின் ப்ரீஆம்ப் (முன்பெருக்கி): பிசி547 ட்ரான்சிஸ்டரை மாற்றணுமா, காயிலை மாற்றணுமா?

காயில்_கந்தன்:
10 மி.மீ. ஃபெரைட் ராடு, 60 சுற்று, 200 மைக்ரோஹென்றி, 365 பிகோ கேங் (ட்யூனிங் கெபாசிட்டர்). கேங் பக்க முனையிலிருந்து 100 நானோ வழியாக பிசி547 பேஸ். 9 வோல்ட், பேஸுக்கு 47கே, 10கே, கலெக்டர் 4.7கே, எமிட்டர் 1கே, அதன் குறுக்கே 100 நானோ. பின்னால் ஓஏ79 டயோடு, எல்எம்386 ஆடியோ பெருக்கி. ப்ரீஆம்ப் இல்லாதபோது திருச்சி நிலையம் (936 கிலோஹெர்ட்ஸ்) சன்னமாக, ஆனால் தனியாகக் கேட்டது. இப்போது சத்தம் இருக்கிறது, கோவை 999-உம் கூடவே பேசுகிறது. 547-க்குப் பதில் பிஎஃப்494 போடவா, பிசி549சி போடவா?

ஆர்எஃப்_மணி:
பிஎஃப்494 போடுங்கள். 547 ஆடியோவுக்கு வந்தது, அதைப் போய் ஆன்டெனா பக்கம் வைத்தால் இப்படித்தான்.

மில்லிவோல்ட்:
மணி சார், 936 கிலோஹெர்ட்ஸுக்கு 547 எதில் குறை? 1 மில்லிஆம்பியரிலும் அதன் எஃப்டி (பெருக்கம் ஒன்றாகக் குறையும் அலைவரிசை) இந்த அலைவரிசையைப் போல பல பத்து மடங்கு. கோளாறு பேஸ் காயிலை இழுப்பதில் இருக்கிறது. பீட்டா (கரண்ட் பெருக்கம்) 250, எமிட்டர் உள்தடை 26 ஓம்: பெருக்கினால் பேஸின் உள்ளீட்டுத் தடை 6.5கே. அதோடு 47கே, 10கே இணையாகச் சேர்ந்தால் மிச்சம் சுமார் 3.6கே. இந்தக் காயிலின் ரியாக்டன்ஸ் (ஏசி-க்குக் காட்டும் தடை) 936-இல் 1.18கே. க்யூ (ஒரு ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் கூர்மை) 100 இருந்தது 3-க்கு வந்துவிட்டது. அப்போது பட்டை அகலம் 300 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். திருச்சிக்கும் கோவைக்கும் இடைவெளியே 63. பிஎஃப்494 போட்டாலும் இதே கதைதான்.

இரைச்சல் குறைந்த பிசி549சி-யும் இங்கே வீண். மீடியம் வேவில் வானமே ட்ரான்சிஸ்டரைவிட அதிகம் இரைகிறது. அதை டயோடுக்குப் பின்னால் வையுங்கள்.

ஆர்எஃப்_மணி:
தடைக் கணக்கு சரி. கெபாசிட்டன்ஸை ஏன் விட்டீர்கள்? 547-க்கு கலெக்டர்-பேஸ் 3 பிகோ என்று வையுங்கள். கெயின் (பெருக்கம்) 100 என்றால் மில்லர் விளைவில் அது 300 பிகோவாக கேங் தலையில் ஏறும். கேங்கை முழுசாகத் திறந்தாலும் 640 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது. கந்தன் 936-ஐ ட்யூன் பண்ணவே இல்லை, க்யூ செத்ததால் ஏதோ கேட்கிறது! பிஎஃப்494-இல் அது ஏறத்தாழ 1 பிகோதான்.

மில்லிவோல்ட்:
ஒப்புக்கொள்கிறேன், அதை விட்டுவிட்டேன். ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அதே ராடில், கிரவுண்டு முனைப் பக்கம், 6 சுற்று தனியாகச் சுற்றி பேஸை அதில் கொடுங்கள். சுற்று 10-க்கு 1, அதன் வர்க்கம் 100 என்பதால் 3.6கே காயிலுக்கு 360கே ஆகத் தெரியும், 300 பிகோ 3 பிகோவாகத் தெரியும்.

கேட்_சோர்ஸ்:
சிக்னலும் பத்தில் ஒன்றாகிவிடுமே, அதைச் சொல்லவில்லை. ஜே310 ஃபெட் (கேட்டில் கரண்ட் இழுக்காத ட்ரான்சிஸ்டர்) போட்டால் கேட்டை நேராக முழுக் காயிலில் கொடுக்கலாம். காயில் கிரவுண்டில் இருப்பதால் கேட் ரெசிஸ்டர்கூட வேண்டாம். சோர்ஸுக்கு 1கே, குறுக்கே 100 நானோ.

மில்லிவோல்ட்:
ட்ரெயினில் என்ன போடுவீர்கள்? 3 மில்லிஆம்பியர் ஓடினால் சோர்ஸிலேயே 3 வோல்ட் போச்சு. 1கே-க்கு மேல் இடமில்லை, கெயின் 5, 6 தேறும். நான் பத்தில் ஒன்றாக்கி 100 மடங்கு பெருக்கினாலும் கையில் 10 நிற்கிறது.

கேட்_சோர்ஸ்:
1 மில்லிஹென்றி சோக் (ஆர்எஃப்-ஐத் தடுக்கும் காயில்).

ஆர்எஃப்_மணி:
ஐயோ வேண்டாம். கேட்டில் ட்யூன் காயில், ட்ரெயினில் சோக், நடுவில் 2 பிகோ. ப்ரீஆம்ப் தானே அலை எழுப்பும் ஆசிலேட்டர் ஆகிவிடும். கேங்கைத் திருப்பும்போது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் விசில் அடிக்கும்.

கேட்_சோர்ஸ்:
சரி, ஃபாலோயராக (சிக்னலைப் பெருக்காமல் கடத்தும் அமைப்பாக) வையுங்கள். ட்ரெயின் நேராக 9 வோல்ட்டுக்கு, சோர்ஸின் 100 நானோவை எடுத்துவிட்டு அங்கிருந்து 10 நானோ வழியாக அதே 547-க்கு. காயிலும் கெடாது, 100 மடங்கும் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ஜே310 என்று அச்சடித்து வேறு எதையாவது விற்கிறார்கள். கேட்டையும் சோர்ஸையும் சேர்த்து மைனஸில் வைத்து, ட்ரெயினுக்கு மீட்டர் வழியாக 9 வோல்ட் கொடுங்கள், இரண்டு நொடி போதும். 24-இலிருந்து 60 மில்லிஆம்பியர் வர வேண்டும். 5 காட்டினால் அது ஜே310 இல்லை.

மில்லிவோல்ட்:
அந்தச் சோதனைக்கு ஆகும் நேரத்தில் 6 சுற்று சுற்றிவிடலாம்.

ஆர்எஃப்_மணி:
கந்தன், என் பேச்சைக் கேட்டு பிஎஃப்494 வாங்கிவிட்டால் கால்களைப் பாருங்கள்: நடுக்கால் எமிட்டர். 547-இல் நடுவில் பேஸ். 2என்3904-இலும் நடுவில் பேஸ்தான், ஆனால் ஓரக்கால்கள் இடம் மாறியிருக்கும். தலைகீழாகப் போட்டால் அடியோடு சாகாது, ஈனஸ்வரத்தில் பாடும். அதனால்தான் கண்டுபிடிக்க நாளாகும்.

காயில்_கந்தன்:
6 சுற்று போட்டேன். 936 தனி, 999 தனி. ஆனால் சத்தம் அமுங்கிவிடுகிறது.

மில்லிவோல்ட்:
கலெக்டரிலிருந்து டயோடுக்கு 1 நானோ போட்டிருப்பீர்கள். அது சார்ஜ் ஆகி நிற்கிறது, டிசி திரும்ப வழியில்லை. கெபாசிட்டரும் டயோடும் சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 47கே.