தமிழ் ஆய்வேட்டின் மின்பிரதி: 'தோட்டம்' என்று தேடினால் கிடைக்கவில்லை

கேள்வி (முனைவர் பட்ட மாணவி, சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். எங்கள் வட்டாரத் தோட்ட மக்களின் வாய்மொழி வரலாற்றை ஆய்வேடாக எழுதி முடித்துவிட்டேன். எழுத்துரு உட்பொதிக்கப்படவில்லை, அதாவது எழுத்து வடிவங்கள் கோப்புக்குள்ளேயே சேர்க்கப்படவில்லை என்று பல்கலைக்கழக நூலகம் பிடிஎஃப் கோப்பை முதலில் திருப்பியது. சரிசெய்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். பக்கங்கள் அழகாகத் தெரிகின்றன. ஆனால் 'தோட்டம்' என்று தேடினால் ஓரிடத்தில்கூட அகப்படவில்லை! தோட்டத்தைப் பற்றிய ஆய்வில் தோட்டமே கிடைக்கவில்லை என்றால் மனம் எப்படி ஆறும்?

இன்னொன்று. 1948 ஜூனில் இங்கே தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தபோது லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) சிறுவர்களாக இருந்தவர்களின் நேர்காணல்கள் பின்னிணைப்பில் உள்ளன. சிலர், "எழுதும்மா, என் பெயர் மட்டும் வேண்டாம்" என்றார்கள். அதற்காக முழு ஆய்வேட்டையும் பூட்டிவைக்கச் சொல்கிறார் மேற்பார்வையாளர். பேரப்பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதானே அவர்கள் பேசினார்கள்?

பதில் 1 (நூலக ஆய்வேட்டுப் பிரிவு ஊழியர்)

தங்கச்சி, நூலகம் பார்ப்பது பெரும்பாலும் தோற்றத்தைத்தான். 2005-இல் வந்த பிடிஎஃப்/ஏ காப்பகத் தரத்தின் 'பி' நிலைக்குப் பக்கம் மாறாமல் தெரிந்தால் போதும். ஒவ்வொரு வடிவமும் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையில்) எந்த எழுத்து என்பதும் பதிவாகியிருக்க வேண்டும் என்று கேட்பவை 'ஏ' நிலையும், 2011-இல் சேர்ந்த 'யூ' நிலையும்.

ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ரோமன் எழுத்துகள் வந்தால் அது யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. மூலக் கோப்பையே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். 'தோ' என்பது 'ேதா' என்று வந்தால் பிடிஎஃப் ஆக்கியபோது வரிசை குலைந்திருக்கிறது. அச்சிடும் வழியாக ஆக்காதீர்கள். வோர்டில் சேமிக்கும்போது பிடிஎஃப்/ஏ விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் குலைந்தால் லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளில் ஆக்கி, மறுபடியும் ஒட்டிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்களைப் படிவத்தில் தமிழிலும் தட்டச்சிடுங்கள். பிற தேடுதளங்கள் நூலகத்திலிருந்து திரட்டுவது முதலில் அந்த விவரங்களையே. தோட்டத்தின் பதிவுப் பெயரோடு நம் மக்கள் அழைத்த பெயரையும் சேருங்கள்.

பதில் 2 (வரலாற்று ஆய்வாளர், பினாங்கு)

முழுவதையும் பூட்டாதீர்கள், தங்கச்சி. பின்னிணைப்பைத் தனிக் கோப்பாகக் கொடுங்கள். டிஸ்பேஸ் போன்ற களஞ்சிய மென்பொருளில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே அனுமதி வைக்கலாம். பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு ஆய்வேட்டிலும் புனைபெயர் கொடுங்கள். ஊர், வேலை, உறவுமுறை மூன்றும் சேர்ந்தால் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அவற்றையும் கவனியுங்கள். 'இணையத்தில் எல்லாரும் படிப்பார்கள்' என்று சொல்லித்தான் ஒப்புதல் வாங்கினீர்களா? இல்லையென்றால் மறுபடியும் போய்க் கேளுங்கள். இது படிவ வேலையன்று, அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா, அக்கா. ஒட்டிப் பார்த்தேன், 'ேதாட்டம்' என்றுதான் வந்தது. லிப்ரே ஆஃபிஸில் ஆக்கிய கோப்பில் சரியாக இருக்கிறது. ஒப்புதலை ஆய்வுக்கென்று மட்டுமே வாங்கியிருந்தேன். பெரியவர்களை வீடு வீடாகப் பார்த்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகே பின்னிணைப்பை அனுப்புகிறேன்.